மூன்று பிள்ளைகளுடன் மாத்தளையில் ஒரு நாள்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். தேர்தல் இரவுகளில் யாரை எந்த மாவட்டத்துக்கு அனுப்புவது, எந்தச் செய்தியை எத்தனை மணிக்குள் முடிப்பது என்றெல்லாம் பணிப்பட்டியல் போட்டுப் பழகிய கை இது. ஆனால் பதினாறு, பதினொன்று, ஐந்து என மூன்று வயதில் இருக்கும் பிள்ளைகளை ஒரே நாளில், ஒரே வாகனத்தில் அழைத்துச் சென்று, மூவரையும் சிரித்த முகத்துடன் வீடு சேர்ப்பதற்குத் திட்டம் போடும்போதுதான், தேர்தல் இரவுகள் எவ்வளவு இலகுவானவை என்று விளங்கியது.

2024 ஆகஸ்டில் ரொறன்ரோவில் இருந்து என் தங்கை குடும்பத்துடன் வந்திருந்தாள். மூத்தவள் பெண், பதினாறு வயது. அடுத்தவன் பையன், பதினொன்று. இவர்களுடன் என் மகளின் மகனும் சேர்ந்துகொண்டான், அவனுக்கு ஐந்து. எழுபத்தொன்பது வயதான என் தாயாரும் உடன் வருவேன் என்று சொல்லிவிட்டார். ஆக நான்கு தலைமுறை, ஒரு வான், ஒரு நாள்.

பையன் வந்திறங்கிய அன்றே கேட்டான்: "மாமா, இங்கே வொண்டர்லாண்ட் மாதிரி ஏதாவது இருக்கா?"

ரொறன்ரோவில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நகரத்துக்கு வடக்கே, வோன் என்ற இடத்தில் 1981இல் திறக்கப்பட்ட பெரிய கேளிக்கைப் பூங்கா. கோடை வந்துவிட்டால் நம்மவர் குடும்பங்கள் புளிச்சாதப் பொதிகளோடு அங்கே படையெடுக்கும். மச்சான் எனக்கு அதன் நடைமுறைகளை விளக்கினார். ஒவ்வோர் இராட்டினத்தின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிறுத்தப்பட்டிருக்குமாம். அந்தக் கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் பிள்ளை ஏற முடியாது; அழுதாலும் முடியாது. சின்னப்பிள்ளையுடன் தகப்பன் வெளியே நிற்க, பெரிய பிள்ளையுடன் தாய் ஏறுவாள். அவள் இறங்கியதும் தகப்பன் மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ள, தாய் சின்னதைப் பார்த்துக்கொள்வாள். உலகத்தின் பெரிய பூங்காக்கள் பலவற்றில் இந்த மாற்று முறை உண்டு.

இவற்றுக்கெல்லாம் மூத்த முன்னோடியான டிஸ்னிலாண்ட் கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்டது. தன் பெண்பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தான் மட்டும் வாங்கில் சும்மா அமர்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் உதித்ததாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். வாங்கில் தனியே அமர்ந்திருக்கும் தகப்பனின் சலிப்பில் பிறந்த தொழில் அது!

எங்கள் மாத்தளை மாவட்டத்தில் அப்படியொரு பூங்கா இல்லை. "ஆனால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ராஜா கட்டிய பூங்கா இருக்கிறது. நீச்சல் தடாகம், நீரூற்று, சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து ஏறும் படி எல்லாம் உண்டு" என்றேன். பையனின் கண்கள் விரிந்தன. சீகிரியா என்று தீர்மானமாயிற்று.

அன்றிரவு கண்டியில் என் வீட்டு மேசையில் ஒரு தாளை விரித்தேன். ஆளுக்கு ஓர் இடம் சொல்லலாம், ஒன்றே ஒன்றுதான், மற்றவர் சொன்னதைக் கேலி செய்யக் கூடாது என்பது விதி. சின்னவன் "குரங்கு" என்றான். பையன் சீகிரியாவை எழுதினான். என் தாயார், "மாரியம்மன் கோயில், வேறென்ன" என்றார். நான் நாலந்தாவை எழுதினேன். மூத்தவள் தாளை வாங்கி, ஆங்கிலத்தில் எதையோ எழுதி என் பக்கம் தள்ளினாள்.

'அம்மாவின் பழைய கடை' என்று இருந்தது.

தங்கை அதை வாசித்துவிட்டு எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

இங்கே சிறிது பின்னோக்கிப் போக வேண்டும். மாத்தளை நகரில் எங்கள் தகப்பனாருக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. கீழே கடை, பின்னால் வீடு. 1983 ஜூலையில் அது எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் அப்போது தப்பவில்லை. நகருக்கு வெளியே ஒரு கொக்கோத் தோட்டத்துக்குள் இரண்டு இரவுகள் இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்குப் பத்து. அதன்பின் கண்டிக்கு வந்தோம். தகப்பனார் மீண்டும் கடை வைக்கவில்லை. தங்கை மணமுடித்துக் கனடா போனாள். இடையில் இருமுறை வந்திருக்கிறாள். கொழும்பு, கண்டி, நுவரெலியா எல்லாம் போனாள். கண்டியில் இருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளைக்கு மட்டும் போனதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

குசினியில் அவள் சொன்னாள்: "அண்ணே, அவளுக்கு அரைகுறையாத் தெரியும். மத்தவனுக்கு ஒண்ணுமே தெரியாது. இது லீவு. பிள்ளைங்க சந்தோசமா இருக்கணும்னு கூட்டிட்டு வந்தேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மகள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் அளவுகோலைப் பற்றி யோசித்தேன். எந்தக் கதைக்கு எந்த வயது? பதினாறு வயதுப் பெண்ணை ஐந்து வயதுப் பிள்ளையின் இராட்டினத்தில் ஏற்றி வைத்திருக்கவும் முடியாது. பதினொரு வயதுப் பையனைப் பெரியவர்களின் இராட்டினத்தில் இழுத்துப் போடவும் கூடாது. 1983இல் என் தங்கையை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது வேறு விடயம்.

"அந்த மாற்று முறையையே செய்வோம். ஊருக்குள் போனதும் சின்னவர்களை நானும் மச்சானும் கோயிலில் வைத்துக்கொள்கிறோம். நீயும் மகளும் போகலாம். போக மனமில்லை என்றால் வானில் இருங்கள். அப்போது முடிவு செய்" என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளை அழைத்துப் போகும் நண்பர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான். சீகிரியாவில் ஒன்பது மணிக்கு மேல் கல் சுடத் தொடங்கிவிடும், கூட்டமும் சேர்ந்துவிடும். வாயில் திறக்கும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். நித்திரைப் பாயிலேயே பிள்ளைகளைத் தூக்கி வானில் போட்டால் தம்புள்ளை வரை தூங்கிக்கொண்டே வருவார்கள். காலையுணவைக் கட்டிக்கொண்டு போவது நல்லது.

நுழைவுச்சீட்டு எடுக்கும் இடத்தில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. உள்நாட்டவருக்கு ஒரு சாளரம், வெளிநாட்டவருக்கு இன்னொன்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு ஆளொன்றுக்கு முப்பது டொலருக்குக் குறையாது. தங்கை திரும்பி என்னைப் பார்த்து, "பிறந்த மாவட்டத்துக்குள்ள டிக்கட் எடுத்துப் போற ஆளு நானாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தகப்பனான தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், கி.பி. 477 முதல் 495 வரை இங்கிருந்து ஆண்டான். அநுராதபுரத்தைக் கைவிட்டு, சமவெளியில் இருந்து இருநூறு மீற்றர் அளவு உயர்ந்து நிற்கும் இந்தப் பாறையின் உச்சியில் மாளிகை அமைத்தான். பாறையின் காலடியில் சமச்சீராக வெட்டப்பட்ட நீர்த்தோட்டங்கள். அங்குள்ள நீரூற்றுகள் எந்த இயந்திரமும் இன்றி, நீரின் சொந்த அழுத்தத்தாலேயே துளையிட்ட கற்தட்டுகள் வழியாகப் பீறிடுபவை. நல்ல மழைக்காலத்தில் இன்றும் அவை வேலை செய்கின்றன. நாங்கள் போனது கோடையில்; துளைகளை மட்டுமே பார்க்க முடிந்தது. சின்னவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஒரு துளையருகே குந்தி, "தண்ணி, வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அங்கேயே மூன்று குழுக்களாகப் பிரிந்தோம். இது இரண்டாவது ஆலோசனை: எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படிகள். ஐந்து வயதுப் பிள்ளை பாதி வழியில் "தூக்கு" என்பான். தூக்குபவரின் முழங்கால் அதற்கு இணங்க வேண்டும். எனவே தாயாரும், மனைவியும், தங்கையும் சின்னவனுடன் நீர்த்தோட்டத்து நிழலில் தங்கினர். மச்சானும் என் மகளும் மூத்தவளுடன் முன்னே ஏறினர். நான் பையனுடன் பின்தொடர்ந்தேன்.

ஓவியங்கள் இருக்கும் குகைப்பகுதிக்குச் சுருள் படிக்கட்டில் ஏற வேண்டும். 1967இல் யாரோ விசமிகள் பச்சைச் சாயம் ஊற்றிச் சிதைத்து, பின்னர் இத்தாலிய நிபுணர் ஒருவரின் துணையுடன் சீர்செய்யப்பட்டவை அந்த ஓவியங்கள். படம் எடுக்கத் தடை. கீழே கண்ணாடிச்சுவர். பல நூற்றாண்டுகளாக இங்கே வந்தவர்கள் ஓவியப் பெண்களைப் பார்த்துக் கவி எழுதிக் கீறிய சுவர் அது. பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956இல் பதிப்பித்தார். "அந்தக் காலத்திலும் கமெண்ட் போட்டிருக்கிறார்கள்" என்று மூத்தவள் மேலிருந்து கூவினாள். குளவிக் கூடுகள் இருப்பதால் சத்தமிட வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்களே என்று நான் சைகை காட்டினேன்.

சிங்கப்பாதங்கள் இருக்கும் மேடைக்கு வந்ததும் பையன் நின்றுவிட்டான். அங்கிருந்து உச்சிக்குப் போவது பாறையின் பக்கத்தில் பொருத்திய இரும்புப் படிகள். இடைவெளி வழியே கீழே பார்த்தால் காடு தெரியும். அவன் முகம் வெளுத்திருந்தது. "மாமா, நான் வரல" என்றான். சற்றுக் கழித்து, "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

சீகிரியாவைத் தெரிவு செய்தவனே அவன்தான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு…" என்று என் வாய்வரை வந்தது. நம் தகப்பன்மார் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சிங்கத்தின் நகத்தைப் பார்த்தபடி நிழலில் அமர்ந்தோம். ஒரு தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

"இந்த ராஜா ஏன் இவ்வளவு உயரத்திலே வீடு கட்டினார்?" என்று கேட்டான்.

"அவருடைய தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போயிருந்தான். என்றைக்காவது படையோடு வருவான் என்று பயம்."

"வந்தானா?"

"பதினெட்டு ஆண்டு கழித்து வந்தான். ராஜா கீழே இறங்கிப் போய்ச் சண்டையில் தோற்று இறந்தார்."

அவன் தோடம்பழத்தை மென்றுகொண்டே யோசித்தான். "அப்ப அவரும் பயந்துதான் ஏறியிருக்கார். நான் பயந்து ஏறல" என்றான். இருவரும் சிரித்தோம். உச்சிக்குப் போனவர்கள் இறங்கி வந்ததும், "மேலே என்ன இருக்கு?" என்று அக்காவிடம் கேட்டான். "செங்கல் அடிவாரங்களும் ஒரு பெரிய தடாகமும்; நான் படம் எடுத்திருக்கேன், காட்டுறேன்" என்றாள் அவள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. பதினாறு வயதுக்கு அந்த நயம் வந்திருந்தது எனக்கு மகிழ்ச்சி.

கீழே சின்னவனின் விருப்பமும் நிறைவேறியிருந்தது. ஒரு குரங்கு அவன் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம். அழுது முடித்து, இப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தம்புள்ளையில் சாப்பிட்டோம். அங்குள்ள குகை விகாரைகளைப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டார். வலகம்பா மன்னன் காலத்துத் தொடர்புடைய ஐந்து குகைகள், பார்க்க வேண்டியவைதாம். ஆனால் நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் இன்னொரு மலை. வேண்டாம் என்றேன். மூன்றாவது ஆலோசனை: ஒரு நாளைக்கு ஓர் ஏற்றம். விட்டுவிட்டு வரும் இடம்தான் மீண்டும் வருவதற்குக் காரணமாக இருக்கும்.

தம்புள்ளையில் இருந்து மாத்தளைக்குச் செல்வது ஏ-9 வீதி. வான் ஓடத் தொடங்கியதும் தாயார் பேச ஆரம்பித்தார். "எங்க பூட்டன் இந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தாராம். நாம ஏசி போட்டுக்கிட்டு வர்றோம்." பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கைப்பிள்ளைகளும் நடந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த வரவின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்றது. பதினாறு நாள். தாயார் இதைச் சொல்லச் சொல்ல, மூத்தவள் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டாள்.

நாலந்தா கெடிகேயில் வானை நிறுத்தினோம். பல்லவர் பாணியில் கட்டிய சிறிய கற்கோயில். அங்கே பௌத்தமும் சைவமும் ஒரே கல்லில் கலந்து நிற்கின்றன. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைத்தபோது, இது மூழ்கிவிடாதிருக்க 1970களில் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். "லெகோ மாதிரியா?" என்றான் பையன். "ஆமாம், ஒவ்வொரு கல்லுக்கும் இடம் குறித்து வைத்துக்கொண்டு." சின்னவன் புல்வெளியில் அரைமணி நேரம் ஓடினான். தங்கை கற்படியில் அமர்ந்து, அடுக்கிய கற்களின் இடைவெளியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "கழற்றினது தெரியவே இல்லையே, அண்ணே" என்றாள். உற்றுப் பார்த்தால் தெரியும் என்றேன்.

மாத்தளை நகருக்குள் வந்தபோது மணி நாலரை. முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம் வெகுதூரத்திலேயே தெரிந்தது. தங்கை இந்தக் கோபுரத்தைப் பார்த்ததில்லை. அவள் போன பின்னர் எழுந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில் இது. சிறுவயதில் எங்களுக்கு அதுதான் வொண்டர்லாண்ட். இராட்டினமும், கண்ணாடி வளையலும், பொரிகடலையும், தகப்பனார் கொடுக்கும் ஒரு ரூபாயும்.

தாயார் பையனையும் சின்னவனையும் கைப்பிடித்து உள்ளே போனார். கோபுரத்தில் எத்தனை யானை என்று எண்ணும் வேலையை மச்சான் இருவருக்கும் கொடுத்தார். தங்கை வாசலிலேயே நின்றாள். மகள் அருகில் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றாள். இருவரும் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள். நான் போகவில்லை. அந்த இடத்தை நான் பலமுறை கடந்து போயிருக்கிறேன். இன்று அது கைத்தொலைபேசி விற்கும் கடை.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். மகளின் கண் சிவந்திருந்தது. தாய் அமைதியாக இருந்தாள். தங்கையின் கையில் ஒரு சிறிய பை. "என்ன வாங்கினாய்?" என்றேன்.

"சார்ஜர். கடைப் பையன் சின்னவன். நல்லாப் பேசினான். ஒண்ணும் வாங்காம வர ஒரு மாதிரியா இருந்துச்சு." பின்னர், "பின்னாலே கிணறு இன்னும் இருக்கு, அண்ணே" என்றாள்.

பையன் ஓடிவந்து, "எங்கே போனீங்க?" என்று கேட்டான். தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, "அம்மா சின்னப் பிள்ளையா இருந்த வீட்டைப் பார்க்கப் போனேன். ஒருநாள் நெருப்பு வந்து போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் முழுக்கச் சொல்றேன்" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, "யாரு நெருப்பு வச்சா?" என்று கேட்டான். அளவுகோலை நாம் நட்டு வைக்கிறோம். பிள்ளைகள் குதிகாலை உயர்த்தி நிற்கிறார்கள். "அதையும்தான்" என்றாள் தங்கை. மூத்தவள் தம்பியின் தோளில் கை போட்டு அழைத்துப் போனாள்.

வீடு திரும்பும் வழியில், எது பிடித்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். சின்னவன் "குரங்கு" என்றான். பையன் சிங்கப்பாதமும் தோடம்பழமும் என்றான். தாயார், "அம்மன் தரிசனம். அப்புறம் என் பிள்ளை அவ வாசல்ல வந்து நின்னது" என்றார். மூத்தவள் பதில் சொல்லவில்லை. தாயின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள், அல்லது தூங்குவது போலிருந்தாள்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு இப்பக்கம் வரும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விடியுமுன் புறப்படுங்கள். ஆளுக்கோர் இடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழுவைப் பிரிக்கத் தயங்காதீர்கள். ஒரே ஓர் ஏற்றம் போதும். ஏற மாட்டேன் என்ற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கேட்க வேண்டும் என்ற பிள்ளையை ஒத்திப்போடாதீர்கள். பிஸ்கட் பொட்டலம் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்படியும் குரங்குக்கு.

தங்கை அடுத்த முறை மாசி மகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஐந்து தேரையும் பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம்.